ஏழாவது கேள்வி

முதல் ஆறு கேள்விகளுக்கும் அவள் மூச்சுவிடாமல் பதில் எழுதிவிட்டாள். கண்டுபிடித்தவர் யார், எந்த ஆய்வகம், ஆராய்ச்சிக்கு நிதி தந்தது யார், காப்புரிமை விண்ணப்பத்தின் எண் என்ன, தேதி என்ன, வேறு பங்குதாரர் உண்டா. எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய விவரங்கள். ஏழாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் திரை கோணலாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து, அலமாரிச் சாவி பையில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அது எங்கே போகப்போகிறது?

அந்தக் கேள்வி ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளுக்கு முன்பு, இந்தப் பொருளைச் செய்யும் முறை பேச்சாகவோ எழுத்தாகவோ படமாகவோ வெளியாட்கள் யாருக்காவது தெரிவிக்கப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் விவரம் எழுத மூன்று கோடு. பதினோரு வருஷமாக ஊரையெல்லாம் அவள் கேட்டுவந்த கேள்வியை இப்போது ஒரு கம்பெனியின் வக்கீல் அவளிடம் கேட்டிருந்தார். வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. இன்றைக்குச் செவ்வாய்.

ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே, முன்பு ஜெராக்ஸ் எந்திரம் இருந்த அறைதான் அவளுடைய அலுவலகம். ஆய்வகத்தில் பிறந்ததைக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டு, அது மருந்தாகவோ கருவியாகவோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வழிசெய்வது வேலை. ஆனால் அந்த வேலையில் பாதிக்கு மேல், விஞ்ஞானிகளின் வாயை அடைப்பதிலேயே போய்விடும். விஞ்ஞானிக்கு ஒன்று கண்டுபிடித்துவிட்டால் வயிற்றில் தங்காது. கேன்டீனில் சொல்வார், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார், போஸ்டர் அடித்துத் தாழ்வாரத்தில் மாட்டுவார். விண்ணப்பத்துக்கு முன் வெளியாள் ஒருத்தருக்குச் செய்முறை தெரிந்தாலே அது புதியது இல்லை என்றாகிவிடும், காப்புரிமை விழுந்துவிடும். காப்புரிமை இல்லாத பொருளுக்கு எந்தக் கம்பெனியும் எந்திரம் வாங்கிப் போடாது. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு 'பூட்டு மேடம்' என்று பெயர் விழுந்தது. அவள் அதை ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க நிஜமாகவே ஒரு பித்தளைப் பூட்டை வைத்திருந்தாள்.

பூட்டாகும் முன்பு அவளும் ஒன்பது வருஷம் ஆய்வகத்தில் நின்றவள்தான். நிரந்தர வேலை என்று இங்கே வந்தாள். அன்றிலிருந்து அடுத்தவர் கண்டுபிடித்ததைப் பற்றி அடுத்தவருக்குக் கடிதம் எழுதுவதுதான் பிழைப்பு. பதினோரு வருஷத்தில் ஏழு ஒப்பந்தம் போட்டாள். ஏழில் ஒன்றுகூட ஒரு நோயாளியின் கைக்குப் போகவில்லை. ஒரு கம்பெனி மூடியது, ஒன்று மனம் மாறியது, மற்றவை 'பரிசீலனையில்' இருந்தன. ஆண்டறிக்கையில் 'மக்களைச் சென்றடைந்தவை' என்று ஒரு கட்டம் உண்டு. வருஷா வருஷம் அதில் சுழியம் போடும்போது அவளுக்குக் கை கூசும்.

எட்டாவதுதான் இந்தப் பட்டை. சுண்டுவிரல் நீளக் காகிதம். குறைமாதக் குழந்தைக்குச் சில கிருமிக்கொல்லி மருந்துகளைக் கொடுத்தால் சிறுநீரகம் களைத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியவர நாளாகிவிடும். இந்தப் பட்டையை நாப்கினுக்குள் வைத்தால் மஞ்சள் பச்சையாகி முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்கான சாயம் எந்த ஆஸ்பத்திரி லேபிலும் கிடைக்கும். காகிதத்தில் தடவினால் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும் என்பதுதான் சிக்கல். மூன்றாவது மாடி வேதியியல்காரர் ஒன்பது வருஷம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தது, காகிதத்தைக் குளுக்கோஸ் தண்ணீரில் முக்கி, காயவைத்து, சாயம் தடவி, மறுபடி முக்கிக் காயவைத்தால் ஆறு மாசம் கெடாது என்பது. அதற்குப் பிறகு அவர் 'சர்க்கரை சார்' ஆனார். விண்ணப்பத்துக்கு முன்பே அந்தப் பெயர் வந்திருந்தால் பூட்டு மேடம் அதையும் தடுத்திருப்பாள்.

சர்க்கரை சாருக்கு இந்த மாசக் கடைசியோடு ஓய்வு. அன்று காலை அவரே மாடியிறங்கி வந்து, வியாழக்கிழமை கோட்டு போட வேண்டுமா, சட்டை போதுமா என்று விசாரித்தார். சட்டை போதும் என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் போன பிறகு பித்தளைப் பூட்டை மேஜையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி வைத்தாள்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு, விண்ணப்பம் போவதற்கு ஒன்பது நாள் முந்தி, அவள் ஒரு வார்டில் பேசியிருந்தாள். அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ். பட்டை எந்த அகலத்தில் இருந்தால் வசதி என்று நர்ஸ்களைக் கேட்டு வருவதற்காகத்தான் போனாள். 'கேட்டதை வெளியே சொல்லமாட்டேன்' என்று கையெழுத்து வாங்குவதற்குப் பன்னிரண்டு தாள் பையில் இருந்தது. பேச்சு முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நடுவில் ஒரு நர்ஸ், சாயம் எப்படிக் கெடாமலிருக்கிறது என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. 'அதைச் சொல்லக்கூடாது' என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவள்! எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கையில் ஒரு மார்க்கரும் எதிரே புரிந்துகொள்ளும் பன்னிரண்டு முகங்களும் கிடைத்ததும் எழுந்து பலகைக்குப் போய்விட்டாள். அப்புறம் ஏதோ மணி அடித்தது, நர்ஸ்கள் ஓடினார்கள், தாள்கள் பையிலேயே வீடு திரும்பின.

பொதுவாகத்தான் பேசினேன், விவரமாக எதுவும் சொல்லவில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டினாள். மூன்று வருஷம் அந்த முடிவைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வெற்றுத்தாள்களைக் கிழித்துப் போடவும் இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அப்படியே கிடந்தன. அந்த அலமாரியின் சாவியைத்தான் காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள், உட்கார முடியாமல். பலகையை எப்போதோ அழித்திருப்பார்கள், நர்ஸ்களுக்கு ஆயிரம் வேலை, யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள்.

நாத்தனார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அண்ணன் எப்படி, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்து, கைகழுவச் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். அவள் சுற்றி வளைத்து, அன்றைக்குப் பேசியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே மருந்து அலமாரியின் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைபோட்டு ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. வெள்ளைப் பலகை. அவளுடைய கையெழுத்து. குளுக்கோஸ் எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம், சாயம் எத்தனை சொட்டு, மறுபடி எத்தனை நிமிஷம், எல்லாம் நம்பர் போட்டு, முக்கியமான இடத்தில் இரண்டு கோடு அடித்து, மூலையில் தேதியோடு. அவள் எப்போதும் தேதி போடுவாள். ஆய்வகத்தில் பழகிய பழக்கம்.

அதற்குள் நாத்தனார் அடுத்த தட்டிலிருந்து ஒரு ட்ரேயை எடுத்தாள். அதில் முப்பது நாற்பது மஞ்சள் பட்டைகள், கத்தரித்த கையின் கோணலோடு, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் அண்ணி செய்றோம். சாயம் லேப்ல தர்றாங்க, குளுக்கோஸ் வார்டுலயே இருக்கு. இது மாறிச்சுன்னா உடனே டாக்டரைக் கூப்பிடுவோம், ரத்தமும் அனுப்பிடுவோம். நாங்களா எதையும் முடிவு பண்றதில்ல."

எத்தனை நாளாக என்று கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது என்றாள் நாத்தனார். கம்பெனி கொண்டுவரும் என்று அண்ணி சொன்னதை நம்பி முதலில் காத்திருந்தார்களாம். வரவில்லை. இன்குபேட்டரில் குழந்தை இருக்கும்போது கம்பெனிக்காக எத்தனை நாள் காத்திருப்பது?

மூன்றாவது பெட்டியில் முழங்கை நீளம்கூட இல்லாத குழந்தை ஒன்று படுத்திருந்தது. காலையில் அதன் பட்டை பச்சையானது, டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார் என்று நாத்தனார் வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பட்டை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருந்தது. பச்சை. விண்ணப்பத்திலும் வரைபடத்திலும் நூறு தடவை 'பச்சை' என்று எழுதியவள், நிஜமான ஒன்றை அன்றுதான் பார்த்தாள். சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில் வந்தால் கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. ட்ரேக்கும் கதவுக்கும் நடுவே நாலு தடவை நடந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனாரின் முகம் மாறியது. படத்தை உறையோடு உரித்து அவள் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்க. எங்க பொண்ணுங்க யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. நீங்க எழுதவே இல்ல, நாங்க பார்க்கவே இல்ல. போதுமா?"

அன்று சாயங்காலம் படம் அவள் கைப்பையில் இருந்தது. பை சமையலறை நாற்காலியில் இருந்தது. அவள் எங்குமே இருக்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அடுப்பை இரண்டு தடவை துடைத்தாள். 'இல்லை' கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். சர்க்கரை சார் மாலையோடு வீட்டுக்குப் போவார், சுழியத்துக்குப் பதில் ஒன்று எழுதலாம், கம்பெனி நூறு வார்டுக்கு ஒழுங்கான பட்டை செய்யும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு கணக்கு வேறு பக்கம் ஓடியது. பன்னிரண்டு பேர் பார்த்தார்கள், அதில் பாதிப்பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள். என்றைக்காவது ஒருத்தி அந்தப் படத்தைக் காட்டினால், எந்திரம் வாங்கிப் போட்ட கம்பெனி தெருவில் நிற்கும். அது வெளியே வராமலிருக்க வேண்டுமென்றால் நாளைக்கே வார்டில் பட்டை செய்வதை நிறுத்தச் சொல்ல வேண்டும். மூன்றாவது பெட்டிக்காரியிடம் போய், கம்பெனி வரும்வரை சிறுநீரகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மனிதர்களைக் காலை வைத்தே எடைபோடுவான். கொஞ்ச நேரம் அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், முதல் நாள் வருகிறவர்கள் இப்படித்தான், பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிப்பார்கள் என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது மூன்றாவது தடவையாக அடுப்பைத் துடைத்தாள்.

புதன்கிழமை காலை நேராக மூன்றாவது மாடிக்குப் போனாள். வீரம் ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் இப்படி நடந்தால் கால் ஒடிந்துவிடும் என்ற நிலைமை, அவ்வளவுதான். சர்க்கரை சார் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். அட்டைப்பெட்டி ஒன்றில் சுருட்டிய போஸ்டர் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் மாநாட்டுக்குச் செய்து, அவள் தடுத்ததால் மாட்டாமலேயே போன போஸ்டர். அந்த மாநாட்டில் இதைவிடச் சுமாரான ஒன்றைச் சொல்லி வேறொரு குழு பரிசு வாங்கிப்போனது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. போஸ்டரை ஆய்வக அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

அவள் படத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சமாதானம் எதையும் சேர்க்கவில்லை. அவர் படத்தைக் கண்ணாடியோடு பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பதினாலு மாசம்," என்றார். "விண்ணப்பம் போறவரைக்கும் பதினாலு மாசம் நான் என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலம்மா. என்ன பண்றீங்கன்னு அவ கேட்டா, ஏதோ காகிதத்தைக் காயவைக்கிறேன்னு சொல்வேன். நீங்கதான் சொல்லக்கூடாதுன்னீங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வருகிற அழுகைக்கு ஆறுதல் கேட்கும் உரிமை கிடையாது என்று தெரிந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் போஸ்டரைப் பெட்டிக்குள் அழுத்தினார், அது மறுபடி எழும்பியது, மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை அழுத்தும்போது கேட்டார்.

"வேலை செய்யுதா?"

என்ன கேட்கிறார் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. வார்டில் செய்கிற பட்டையைப் பற்றிக் கேட்கிறார் என்று தெரிந்ததும், செய்கிறது என்றாள். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

இருவரும் பஸ்ஸில் போனார்கள். அவர் உட்கார்ந்தார், அவள் நின்றாள். வார்டில் அவர் கைகழுவிய விதத்தைப் பார்த்தே நாத்தனாருக்கு மரியாதை வந்துவிட்டது. ட்ரேயிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதை மடக்கினார். அவள் பதறினாள், அந்தப் பட்டையை மடக்கக்கூடாது. காய்ந்த சர்க்கரை விரிசல் விட்டுச் சாயம் உதிர்ந்துவிடும், நாப்கினோ குழந்தையோடு சேர்ந்து மடங்கும். விலைகூடிய பொருள் எத்தனையோ போட்டுப் பார்த்தும் நாலு வருஷமாக அவருக்கு அடங்காத தொல்லை அது. அதைச் சரிசெய்து தர வேண்டும் என்பதைத்தான் கம்பெனியும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாகப் போட்டிருந்தது.

பட்டை மடங்கியது. விரிசல் விடவில்லை. அவர் இன்னொன்றை எடுத்து மடக்கினார். அதுவும் விடவில்லை. என்ன சேர்க்கிறீர்கள் என்று நாத்தனாரிடம் கேட்டார்.

"கிளிசரின் சார். முதல்ல எங்களுக்கும் உதிர்ந்துக்கிட்டேதான் இருந்துச்சு. வெடிச்ச உதட்டுக்குத் தடவுறோமே, இதுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம்னு விட்டோம்."

சர்க்கரை சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிளிசரின்! எந்த வார்டிலும் கவனிப்பாரில்லாமல் கிடக்கும் பாட்டில். அவரோ கப்பலில் வரவழைத்த சாமான்களை வைத்துக்கொண்டு நாலு வருஷம் மன்றாடியிருக்கிறார்.

பூட்டு மேடத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இது புதிது. விண்ணப்பத்தில் இல்லாதது. பழையது விழுந்தால் விழட்டும், இதற்குத் தனியாக விண்ணப்பம் போடலாம். நாத்தனார் பெயர், சார் பெயர், நாளைக்கே போடலாம், கம்பெனி கேட்டதே இதைத்தானே. பதினோரு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"இதை இதுவரைக்கும் வெளியாளு யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். "யார்கிட்ட சொல்லல அண்ணி? இங்கேருந்து மாத்தலாகிப் போன பொண்ணுங்க நாலு ஆஸ்பத்திரியில செய்றாங்க. போன வருஷம் நர்ஸிங் மாநாட்டுல அட்டையில எழுதி எல்லாருக்கும் குடுத்தேன். குழந்தைங்க விஷயமாச்சே, தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

முதலில் சிரித்தவர் சர்க்கரை சார்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்பு மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நாலு ஆஸ்பத்திரி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு நாளாகும் என்று அவளிடம் சொன்னார். சரி சார் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

அவர் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். குளுக்கோஸ் எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம், கிளிசரின் எத்தனை சொட்டு என்று அவர் மனைவிக்கு விளக்குவது உள்ளே வரைக்கும் கேட்டது. பூட்டு மேடம் எழுந்து போய்த் தடுக்கவில்லை.

அவள் பையிலிருந்து கம்பெனியின் படிவத்தை எடுத்து, மருந்து மேஜையில் வைத்து, ஏழாவது கேள்வியில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டாள். நாளைக்குக் கையெழுத்து நடக்காது. கம்பெனியின் வக்கீல் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவார், இயக்குநர் மரியாதையில்லாமல் ஒன்று எழுதுவார், அந்த ஜெராக்ஸ் அறையும் அந்த வேலையும் அவளுக்கு இருக்குமா என்பது அதற்கப்புறம் தெரியும். ஆண்டறிக்கையின் அந்தக் கட்டத்திலும் இதை எழுத முடியாது. ஒப்பந்தம் போட்டுப் போனவற்றுக்கு மட்டும்தான் அங்கே இடம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தாள்.

யார் தெரிவித்தது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். யாருக்கு என்ற இடத்தில் இந்த வார்டை எழுதினாள். கூடவே கொண்டுவந்திருந்த படத்தை அலமாரிக் கதவில் பழைய இடத்திலேயே ஒட்டச் சொல்லிவிட்டு, படிவம் கேட்காவிட்டாலும் அந்த நாலு ஆஸ்பத்திரியின் பெயரையும் கேட்டாள். நாத்தனார் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக ஒன்று, ஆறாவதாக ஒன்று என்று ஞாபகப்படுத்திக்கொண்டே போனாள். மூன்று கோடும் நிரம்பிவிட்டது. அவள் வார்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னாள்.